பெரிய வீட்டு ஓலைகள்

போடிநாயக்கனூர் என்று சொன்னவுடன் பலருக்கும் ஏலக்காயின் மணமே நினைவுக்கு வரும். மேற்கு மலைத் தொடரின் அடியில், கொட்டகுடி ஆற்றின் கரையில் அமைந்தது எங்கள் ஊர். போடிமெட்டு வழியாக மேலே ஏறினால் ஏலமலை. அங்கே விளையும் ஏலம் கீழே இறங்கி வந்து எங்கள் ஊரில் ஏலத்தில் விலை போகும். ஒரு சொல் இரு பொருள் தருவதற்கு வகுப்பில் நான் பல ஆண்டுகள் காட்டி வந்த எடுத்துக்காட்டு இதுவே. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏலக்காய் அன்று. பரணிலும், பத்தாயத்தின் அடியிலும், பூட்டிய மரப்பெட்டிகளிலும் பழங்குடும்பங்கள் காத்து வைத்திருக்கும் ஓலைகளையும் காகிதங்களையும் பற்றியே சில கருத்துகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

மாணவ நண்பர்களே, வரலாற்றுக்குச் சான்று கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று பாடநூலில் படித்திருக்கின்றீர்கள். அவை பெரும்பாலும் அரசர்களும் அதிகாரிகளும் ஊரறியச் செய்து வைத்தவை. வீட்டுப் பெட்டியில் கிடப்பவை வேறு வகை. அவற்றுள்ளும் இரண்டு இனங்கள் உண்டு. பிறர் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவை ஓர் இனம். தம் காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவை மற்றோர் இனம். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டவன் பாதி வரலாற்றாசிரியன் ஆகிவிட்டான் என்றே நான் சொல்லுவேன்.

முதல் இனத்துக்கு எங்கள் ஊரிலேயே சான்று இருக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியை நிறுவியபோது நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் கொத்தளம் ஒவ்வொன்றையும் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு பாளையக்காரரிடம் ஒப்படைத்தார் என்பது மரபு. அந்தப் பாளையங்களுள் ஒன்று போடிநாயக்கனூர். பாளையத்துக்கு உரிய குடும்பத்தார் தெலுங்கு பேசும் கம்பளத்தார். அவர்களுடைய முன்னோர் ஆந்திர நாட்டுக் குத்திப் பகுதியிலிருந்து தெற்கே வந்தவர்கள் என்று அக்குடும்பத்தின் வம்சாவளி கூறுகின்றது. இன்றும் அரண்மனையில் இலட்சுமி விலாசம் என்னும் கூடத்துக்குச் சென்றால் சுவர்களில் இராமாயணக் காட்சிகளை வண்ண ஓவியமாகக் காணலாம்.

இந்த வம்சாவளி நமக்குக் கிடைத்த வரலாறே சுவையானது. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில் பிறந்த காலின் மெக்கன்சி என்பவர் 1783-ஆம் ஆண்டில் கும்பெனியின் பணிக்காகச் சென்னைக்கு வந்தார். நில அளவை அவர் தொழில். பழைய ஏடுகளைத் திரட்டுவது அவர் ஆர்வம். காவலி வேங்கட போரய்யா, காவலி வேங்கட லட்சுமய்யா என்னும் தெலுங்கு நாட்டுச் சகோதரர்களும், அவர்களிடம் பயிற்சி பெற்ற பலரும் ஊர் ஊராகச் சென்று கோயிற் கணக்கு, தல வரலாறு, பாளையக்காரர் வம்சாவளி ஆகியவற்றைப் படியெடுத்து அனுப்பினார்கள். மெக்கன்சி 1815-இல் இந்தியா முழுவதற்கும் தலைமை நில அளவையாளர் ஆனார், 1821-இல் காலமானார். அவர் சேர்த்தவற்றைக் கும்பெனி ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிற்று. தென்னாட்டு மொழிச் சுவடிகளுள் பெரும்பகுதி பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி வந்து அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இடம் பெற்றது. 1868-இல் மதுரை நாட்டு வரலாற்றை எழுதிய நெல்சனும், 1906-இல் மதுரை மாவட்ட விவரச் சுவடியை எழுதிய பிரான்சிசும் இந்த வம்சாவளிகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இனி, இவற்றை எவ்வாறு படிக்க வேண்டும் என்று பார்ப்போம். பல பாளையங்களின் வம்சாவளிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். முன்னோர் ஒருவர் வடக்கிலிருந்து வருகிறார். பிறர் வெல்ல முடியாத கொடிய விலங்கையோ மல்லனையோ வெல்கிறார். அரசர் மகிழ்ந்து பட்டமும் விருதும் நிலமும் தருகிறார். அடுத்தடுத்த தலைமுறையார் காட்டை வெட்டி ஊராக்குகின்றனர், கோயில் எடுக்கின்றனர், ஏரி வெட்டுகின்றனர். இவை முழுவதும் மெய் என்று கொள்ளுதலும் தவறு. முழுவதும் கட்டுக்கதை என்று தள்ளுதலும் தவறு. எழுதப்பட்ட காலம் எது என்று கேளுங்கள். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1802-இல் நிலையான வரித்திட்டத்துக்குச் சட்டம் வந்தது. பாளையக்காரர் சிலர் ஜமீன்தார் ஆயினர். சிலர் எல்லாவற்றையும் இழந்தனர். அத்தகைய காலத்தில், கும்பெனியின் ஆள் ஒருவர் வாயிலில் வந்து நின்று, “உங்கள் குடும்பத்தின் வரலாறு யாது?” என்று கேட்டால், குடும்பத் தலைவர் என்ன சொல்லுவார்? “இந்த மண் எங்களுக்குப் பழைய அரசர்கள் கொடுத்தது, எங்கள் முன்னோர் உயிரைப் பணயம் வைத்து ஈட்டியது” என்றுதானே சொல்லுவார்? ஆகவே வம்சாவளி என்பது கதை வடிவில் எழுதப்பட்ட உரிமை மனு. தங்களை உலகம் எவ்வாறு காண வேண்டும் என்று அக்குடும்பத்தார் விரும்பினார்களோ, அதை அது பிழையின்றிக் காட்டுகின்றது. அந்த அளவில் அது மெய்யான சான்றே.

ஆனால் வம்சாவளியில் ஒரு பெருங்குறை உண்டு. அதில் பாளையக்காரர் இருக்கிறார், அரசர் இருக்கிறார், தெய்வம் இருக்கிறது. காட்டை வெட்டியவன் இல்லை. ஏரிக்கு மண் சுமந்தவள் இல்லை. அவர்களைக் காண வேண்டுமானால் இரண்டாவது இனத்து ஏடுகளிடம் செல்ல வேண்டும். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, எங்கள் ஏலமலையை ஆண்ட அதே திருவிதாங்கூர் அரசின் கீழ் அந்நாளில் இருந்த மற்றொரு தமிழ் நிலத்தில், நாஞ்சில் நாட்டில், இருக்கின்றது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியபாண்டியபுரம் என்பது ஒரு சிற்றூர். அங்கே பெரியவீட்டு முதலியார் என்று வழங்கப்பட்ட வேளாளர் குடும்பம் ஒன்று பல நூற்றாண்டுகள் நாஞ்சில் நாட்டு நிருவாகத்தில் தலைமை பெற்றிருந்தது. அரசன் ஆணை அந்த வீட்டுக்கு வரும். ஊரார் வழக்கும் அந்த வீட்டுக்கு வரும். வந்த ஓலையும் கொடுத்த ஓலையும் அவ்வீட்டில் சேர்ந்துகொண்டே இருந்தன. இந்த ஓலைகளின் அருமையை உணர்ந்து படித்து, ஆராய்ந்து, உலகுக்கு எடுத்துரைத்தவர் யார் தெரியுமா? நீங்கள் குழந்தைப் பருவத்திலேயே அறிந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள். அவரைக் குழந்தைகளுக்குப் பாடிய கவிஞர் என்று மட்டும் எண்ணியிருப்பீர்கள். காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதிய வரலாற்று அறிஞரும் அவரே. அவர் பெரியவீட்டு ஓலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை கேரள சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. சுசீந்திரம் கோயில் வரலாற்றை 1953-இல் வெளியிட்ட பேராசிரியர் கே. கே. பிள்ளை முதலியோருக்கும் இவ்வோலைகள் உதவின. பிற்காலத்தில் அ. கா. பெருமாள் அவர்கள் ‘முதலியார் ஓலைகள்’ என்னும் பெயரிலேயே நூல் ஒன்றை வெளியிட்டிருக்கிறார்.

இந்த ஓலைகளில் காட்டுப்பன்றியும் இல்லை, மல்லனும் இல்லை. நிலத்தை விற்றது, ஒற்றி வைத்தது, நெல் அளந்தது, வரி செலுத்தியது, மதுரை நாயக்கர் படை புகுந்து பயிர் அழிந்தபோது நாட்டார் ஒன்றுகூடி வரி கொடுப்பதைப் பற்றி முடிவு செய்தது என்று அன்றாடச் செய்திகளே நிறைந்திருக்கின்றன. அவற்றிடையே நம் நெஞ்சைச் சுடும் ஓலைகளும் உள்ளன. அவை அடிமை ஓலைகள். நிலத்தை விற்பது போலவே மனிதரையும் விலை பேசி, சாட்சி வைத்து, கைச்சாத்திட்டு விற்றிருக்கிறார்கள். நிலத்துக்கு நான்கெல்லை குறிப்பது போல மனிதருக்குப் பெயரைக் குறித்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். அந்த ஓலையைப் பெரியவீட்டார் பாதுகாத்தது எதற்காக? விற்கப்பட்டவர்களின் நினைவைப் போற்றுவதற்காகவா? இல்லை. கொடுத்த பணத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்பதற்காகவே காத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை முற்றிலும் ஒழிக்கும் அரச ஆணை 1855-ஆம் ஆண்டில் பிறந்தது. அன்றோடு அந்த ஓலைகள் செல்லாக்காசு ஆயின. அவற்றை அப்போதே அடுப்பில் இட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வாறு செய்திருந்தால் அந்த மனிதர்கள் இவ்வுலகில் வாழ்ந்தார்கள் என்பதற்கே சான்று இல்லாமற் போயிருக்கும். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு நறுக்கோலையும் இருந்ததில்லை. அவர்களுடைய வரலாறு அவர்களை வாங்கியவர் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது. நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தியின் உயிர்நிலை இதுவே. பெரிய குடும்பத்தின் காகிதம் பெரிய குடும்பத்தின் வரலாறு மட்டும் அன்று. எழுத அறியாத, எழுத இடங்கொடுக்கப்படாத எளியவர்களின் வரலாறும் அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

தனக்காகவே எழுதிய ஏட்டுக்கு மற்றொரு புகழ்பெற்ற சான்றும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளை 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கித் தம் இறுதிக்காலம் வரையில் நாட்குறிப்பு எழுதி வந்தார். 1761 ஜனவரி 12-இல் அவர் இறந்தார்; நான்கு நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. நாட்குறிப்போ எண்பத்தைந்து ஆண்டுகள் குடும்பத்தார் வசமே கிடந்தது. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையில் வெளிவந்தது. கப்பல் வந்ததும், சரக்கு விலை ஏறியதும், ஆளுநர் முகம் கறுத்ததும் அதில் உண்டு. ஆனால் அங்கும் நினைவிற் கொள்ளுங்கள்: எழுதிய தமிழ் அச்சேறுவதற்கு முன்னே ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சேறி முடிந்துவிட்டது. புதுச்சேரியில் தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக வெளிவரத் தொடங்கியது 1948-இலேதான். நம் வீட்டுச் செல்வத்தின் அருமையை நமக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இப்பொழுது எங்கள் மலைச்சரிவுக்குத் திரும்புவோம். ஏலமலையின் விளைச்சல் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமையாக 1896 வரையில் இருந்தது. மலையில் ஏலம் பயிரிட்டோருள் மிகப் பலர் போடி, தேவாரம், கம்பம் முதலிய கீழ்நாட்டு ஊர்களைச் சேர்ந்த தமிழர். அவர்கள் விளைத்த காயை அரசிடம் ஒப்படைத்துத் தமக்குரிய பங்கைப் பெற்றார்கள். தனியுரிமை நீங்கிய பின்னர் நிலவரி வந்தது. பதிவும் பட்டாவும் வந்தன. 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில் என்றாயிற்று. ஆகையால் எங்கள் ஊர்ப் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தால் தமிழும் மலையாளமும் கலந்த காகிதங்களைக் காணலாம். ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். எடை துலாமாக இருக்கும்.

இத்தகைய காகிதம் இன்றும் எவ்வளவு வலிமை உடையது என்பதற்கு ஒரு செய்தி. ஏலமலைக் காட்டை ஒதுக்குக் காடாக அறிவித்துத் திருவிதாங்கூர் அரசு 1897 ஆகஸ்டு 24-இல் ஆணை ஒன்றை வெளியிட்டது. அந்த ஆணைக்கு உட்பட்ட நிலம் 15,720 ஏக்கரா என்று கேரள அரசு கூறுகின்றது. 2,15,720 ஏக்கரா என்று காட்டைக் காக்க வழக்கிட்டவர்கள் கூறுகின்றனர். எண்ணின் முன்னே ஓர் இரண்டு இருப்பதும் இல்லாமல் இருப்பதுமே வழக்கு! ஆணை பிறந்து நூறாண்டு கடந்த பின்னும் அந்த ஓர் இலக்கம் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. காடு நிற்பதும், பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு நிற்பதும் ஒரு பழைய தாளைச் சார்ந்து நிற்கின்றன. பழைய காகிதம் குப்பை என்று இனி ஒருவரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாட்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு வேலை கொடுப்பேன். “உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய காகிதத்தின் படி ஒன்றை எழுதிக் கொண்டு வாருங்கள்” என்பேன். ஓராண்டு, தோட்டக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் தன் தாத்தாவின் ஆள் கணக்கு நோட்டையே கொண்டு வந்துவிட்டான். அதே வகுப்பில், தலைமுறை தலைமுறையாக மலைக்கு வேலைக்குச் சென்று வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, “எங்கள் வீட்டில் காகிதமே இல்லை, ஐயா” என்றான். “அப்படியானால் இந்த நோட்டை நீ படி” என்று அவனிடம் கொடுத்தேன். பேர், தெரு, வேலை நாள், எடுத்த காய், கொடுத்த முன்பணம் என்று வரிவரியாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் அவன் விரல் நின்றது. அவனுடைய தெருவின் பெயர் அங்கே இருந்தது. அந்தத் தெருவைச் சேர்ந்த ஒன்பது பெண்களின் பெயர்கள் இருந்தன. “இந்தப் பெயர்களை வீட்டில் பெரியவர்களிடம் போய்க் கேள்” என்றேன். அடுத்த நாள் அவன் ஒவ்வொரு பெயருக்கும் யார் மகள், யார் பாட்டி என்று எழுதிக்கொண்டு வந்தான். தோட்டக்காரர் வீட்டுப் பையனுக்கு அது நோட்டு. இவனுக்கு அது வம்சாவளி.

காகிதத்தில் வராதவர்களும் உண்டு என்பதை மறக்கலாகாது. எங்கள் குரங்கணி மலைக்கு மேலே வாழும் முதுவர்கள், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றும், பிள்ளைகளை முதுகில் சுமந்து மலை ஏறியதால் அப்பெயர் பெற்றார்கள் என்றும் சொல்லி வருகின்றனர். அந்த வரலாற்றுக்கு ஓலை இல்லை, நாவே ஏடு. பாளையக்காரர் சொன்னதை எழுதிக்கொள்ள ஒரு மெக்கன்சி வந்தார். முதுவர் கிழவர் சொல்லுவதை எழுதிக்கொள்ள நீங்கள் செல்லலாம் அல்லவா? எழுத்தில் இருப்பது மெய், வாய்மொழி பொய் என்று எண்ணுதல் கூடாது. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும்: சொன்னவர் யார், கேட்டவர் யார், சொல்லியதால் யாருக்கு என்ன பயன் என்று வினவ வேண்டும்.

இனி, பயன்படும் செய்திகள் சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். கொல்லம் ஆண்டு கண்டால் மலைக்க வேண்டா. அவ்வாண்டு ஆவணியில் பிறப்பது. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலான தேதியானால் 824-ஐயும், ஜனவரிக்குப் பின்னானால் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தமிழ் எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என்னும் கீழ்வாய் இலக்கமும் தெரிந்தால் பழைய நெல் கணக்கும் நிலக் கணக்கும் உங்களோடு பேசத் தொடங்கும். கட்டை அவிழ்க்கும்போது எந்த வரிசையில் கட்டியிருந்ததோ அந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். எது எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதும் சான்றே. கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் தாளையே தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசியை மெல்ல எடுத்துவிடுங்கள். ஈரமும் செல்லும் அணுகாத இடத்தில் வையுங்கள்.

காகிதத்தை வெளியே கொடுத்தால் திரும்பி வருமோ என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இன்று கொடுக்காமலே கொடுக்க வழி இருக்கின்றது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், அழியும் ஆவணங்களைக் காப்பதற்காகப் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஊர்களில் தனிக் குடும்பங்கள் வைத்திருந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைப் படமெடுத்தார்கள். மூலம் வீட்டில், நிழல் நூலகத்தில். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் அவர் மறைவுக்குப் பின்னர்ச் சென்னையில் 1994 முதல் பெரிய ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. சிற்றூர் வீடு ஒன்றில் தொடங்கிய செயல்தான் அது.

ஆடிப் பெருக்கில் பழைய சுவடிகளை ஆற்றில் விட்டார்கள் என்று உ. வே. சாமிநாதையர் காலத்துச் செய்தியைப் படித்து வருந்துகின்றோம். இன்று ஆறு வேண்டியதில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய தாள் வாங்க வருபவரின் தராசு போதும். ஜமீன் முறை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. பாளையமும் இல்லை, பட்டமும் இல்லை. அந்தக் காகிதங்களைக் கொண்டு இனி எவரும் நிலம் கேட்கப் போவதில்லை, வரி கேட்கப் போவதில்லை. உடையவர்களுக்கு அவற்றால் ஆகும் பயன் தீர்ந்துவிட்டது. எவர்களுடைய பெயர் அவற்றில் ஒரு வரியாக மட்டும் நிற்கின்றதோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அவற்றின் பயன் இப்பொழுதுதான் தொடங்குகின்றது. ஆதலால் உங்கள் வீட்டில் பெட்டி இருந்தால் காத்து வையுங்கள். இல்லையானால், இருப்பவர் வீட்டுக்குச் சென்று பணிவோடு கேட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் தெருவின் பெயர் அங்கே இருக்கக்கூடும்.